லேன் கேபிள் லேப்டாப்பை விட்டு வரமாட்டேன் என்றால்

இழுக்காதீர்கள். முதலில் உள்ளே தள்ளுங்கள்.

லேன் கேபிளின் முனையில் இருக்கும் பிளக்குக்குப் பெயர் ஆர்ஜே45. பழசு ஒன்றை எடுத்து அதன் கிளிப்பை உற்றுப் பார்த்தால் காரணம் புரியும். முன்னோரத்தில் அகலமாகத் தொடங்கும் கிளிப், பாதியில் சட்டென்று ஒடுங்கி வாலாக நீளும். ஒடுங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் சின்னத் தோள்பட்டை மாதிரி ஒரு படி இருக்கும். போர்ட் வாயின் விளிம்புகளுக்குப் பின்னால் போய் மாட்டுவது அந்தத் தோள்கள்தான். வால் வெறும் கைப்பிடி. அதனால்தான் வால் மட்டும் ஒடிந்த பிளக் உள்ளேயே கிடக்கிறது. கிளிப் அடியோடு போயிருந்தால் தானாகவே கழன்றிருக்கும்! இழுக்கும்போது தோள் விளிம்பை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால் பிடி தளரும், கிளிப் லேசாக அமுங்கும்.

லேப்டாப்பை ஷட் டவுன் செய்து சார்ஜரைக் கழற்றுங்கள். கேபிளின் மறுமுனையையும் கழற்றிவிட்டால் அதன் கனம் இழுக்காது. பிறகு டார்ச் அடித்து, கிளிப் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

மெல்லிய லேப்டாப்களில் போர்ட்டின் கீழ்ப்பாதி ஸ்பிரிங் வைத்த தாடை மாதிரி கீழே திறக்கும். பல மாடல்களில் கிளிப்பும் அந்தப் பக்கம்தான். மேசைமேல் வைத்தபடி எடுக்கப் பார்த்தால் தாடை முழுசாக இறங்க இடம் இருக்காது, விரலும் நுழையாது. லேப்டாப்பை மேசை விளிம்புக்கு வெளியே நீட்டுங்கள், அல்லது மூடிக் கவிழ்த்துப் போடுங்கள். தாடையை நகத்தால் முழுசாகத் திறந்து பிடித்துக்கொண்டு கிளிப்பை அமுக்கினால் பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

அடுத்த சந்தேகம் ரப்பர் பூட், அதாவது பிளக்கின் பின்பக்கத்தை மூடியிருக்கும் ரப்பர் உறை. பழசானால் கெட்டிப்பட்டு, கிளிப் அமுங்கவே விடாது. கேபிள் பக்கமாகப் பின்னால் தள்ளுங்கள். நகரவில்லையா, கேபிள்மேல் படாமல் பிளேடால் கீறி எடுத்துவிடுங்கள்.

வால் ஒடிந்திருந்தால் விரலுக்கு வேலையில்லை. பழைய ஏடிஎம் கார்டிலிருந்து கிளிப் பக்க இடைவெளியில் நுழையும் அகலத்தில் ஒரு கீற்று வெட்டுங்கள், அல்லது 2 மி.மீ. முனை உள்ள ஸ்க்ரூ டிரைவர் போதும். கிளிப்புக்கும் போர்ட் சுவருக்கும் நடுவே நுழைத்து, கிளிப்பைப் பிளக்கின் உடம்போடு ஒட்டினாற்போல அமுக்குங்கள். இன்னொரு கையால் பிளக்கைச் சற்று உள்ளே தள்ளி, அமுக்கியது அமுக்கியபடியே நேராக வெளியே எடுங்கள். கிளிப்புக்கு எதிர்ப்பக்கம் மட்டும் எதையும் நுழைக்காதீர்கள். தங்க முலாம் பூசிய எட்டு ஸ்பிரிங் கம்பிகள் அங்கேதான் இருக்கின்றன, ரொம்ப மெல்லியவை.

நோஸ் பிளையரால் பிடித்து இடமும் வலமும் ஆட்டுவது இன்னொரு கெட்ட பழக்கம். பெரும்பாலான லேப்டாப்களில் போர்ட் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். ஆட்டினால் சால்டர் விடும். எண்ணெய், ஸ்பிரே எதுவும் வேண்டாம். கேபிளை அறுத்துப் போட நினைத்தால் பிடிக்க ஐந்து செ.மீ.யாவது விட்டுவைத்து அறுங்கள்.

வெளியே வந்ததும் போர்ட்டுக்குள் டார்ச் அடியுங்கள். பிளாஸ்டிக் துணுக்கு கிடந்தால் போர்ட் கீழே பார்க்கும்படி பிடித்துத் தட்டுங்கள். எட்டுக் கம்பிகளும் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில் இருக்கின்றனவா? பிறகு நல்ல கேபிள் ஒன்றை மாட்டி லிங்க் ஸ்பீடை, அதாவது நெட்வொர்க் செட்டிங்கில் காட்டும் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். முன்பு 1000 எம்பிபிஎஸ் (ஒரு கிகாபிட்) காட்டியது இப்போது 100 என்றால் 4, 5, 7, 8 கம்பிகளில் ஒன்று தொடவில்லை என்று சந்தேகப்படலாம். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும்.

கிளிப் ஒடிந்த பிளக்கைத் திரும்ப மாட்டாதீர்கள். வெட்டிவிட்டு, மறுமுனையில் இருக்கும் அதே வரிசையில் புதுசு கிரிம்ப் செய்யுங்கள், அதாவது கிரிம்பிங் கருவியால் அழுத்திப் பொருத்துங்கள். வண்ண வரிசை பெரும்பாலும் டி568பி தான்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. கிரிம்ப் செய்ததும் பிளக்கின் உலோகப் பின்கள் பிளாஸ்டிக்குக்குள் சரியாக இறங்கினவா என்று விரலால் தடவிப் பாருங்கள். துருத்திக்கொண்டிருக்கும் பின் போர்ட்டின் ஸ்பிரிங் கம்பியை வளைத்துவிடும்.