முதலில் ஆர்பிஎம், பிறகு த்ராட்டில்

போர் விமான சிமுலேட்டர்களில் எதிரியின் குண்டுகளுக்கு நான் பறிகொடுத்த விமானங்களைவிட, என் சொந்த இடது கைக்குப் பறிகொடுத்தவையே அதிகம். எஞ்சினைக் கவனிக்கும் பொறுப்பைக் கணினியிடமே ஒப்படைத்துவிட்டுப் பல மாதங்கள் பறந்துகொண்டிருந்த நான், ஒருநாள் அந்தத் துணை வசதிகளையெல்லாம் அணைத்துவிட்டு பி-51டி மஸ்டாங்கில் ஏறினேன். இடது கையால் இயக்கும் சக்தி நெம்புகோலான த்ராட்டிலைக் கோடிவரை தள்ளி, மூக்கை நன்றாக உயர்த்தி, வேகம் குறைந்துகொண்டே வருவதைப் பொருட்படுத்தாமல் மேலேறிக்கொண்டே போனேன். எதிரி கண்ணில் படுவதற்கு முன்பே குளிரூட்டும் நீர் வெள்ளை ஆவியாகப் பீறிட்டது. சற்று நேரத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. விமானத்தில் ஒரு குண்டுகூடப் பாய்ந்திருக்கவில்லை.

நான் செய்த தவறு, த்ராட்டிலைக் காரின் ஆக்சிலரேட்டராக நினைத்ததுதான். பிஸ்டன் எஞ்சின் போர் விமானத்தில் சக்தி என்பது இரண்டு எண்களால் ஆனது. ஒன்று மேனிஃபோல்ட் அழுத்தம், அதாவது சிலிண்டர்களுக்குள் புகக் காத்திருக்கும் காற்று எவ்வளவு நெருக்கமாகத் திணிக்கப்பட்டிருக்கிறது என்பது. அதை த்ராட்டில் தீர்மானிக்கிறது. மற்றொன்று ஆர்பிஎம், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பது. அதற்குத் தனி நெம்புகோல் உண்டு. அந்த நெம்புகோல் எஞ்சினை நேரடியாகத் தொடுவதில்லை. இத்தனை ஆர்பிஎம் வேண்டும் என்று அது கவர்னர் என்ற கட்டுப்பாட்டுக் கருவிக்குச் சொல்ல, கவர்னர் புரொப்பெல்லர் இதழ்களின் கோணத்தைக் கூட்டியும் குறைத்தும் அந்த வேகத்தை நிலைநிறுத்துகிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது ஒரு சின்னக் காட்சி. கடல் மட்டத்தை ஒட்டிய ஓடுதளத்தில், எஞ்சினை உயிர்ப்பிக்கும் முன்பே, மேனிஃபோல்ட் அழுத்தமானியின் முள் ஏறத்தாழ 30 பாதரச அங்குலத்தில் நிற்கும். அது வேறொன்றுமில்லை, நம்மைச் சுற்றியுள்ள வளிமண்டலத்தின் அழுத்தம். எஞ்சின் மெதுவாகச் சுற்றத் தொடங்கியதும், மூடிய த்ராட்டிலுக்குப் பின்னால் பிஸ்டன்கள் காற்றை உறிஞ்சுவதால், முள் கீழே இறங்கும். புறப்படும்போது, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் சூப்பர்சார்ஜர் அதை 61 அங்குலம்வரை கொண்டுபோகும்; அதாவது இயற்கை கொடுப்பதைப்போல் இரண்டு மடங்கு.

இந்த இரண்டு நெம்புகோல்களையும் எந்த வரிசையில் தொடுகிறோம் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. சக்தியைக் கூட்டும்போது முதலில் ஆர்பிஎம், பிறகு த்ராட்டில். குறைக்கும்போது முதலில் த்ராட்டில், பிறகு ஆர்பிஎம். இதை மந்திரம்போல் மனப்பாடம் செய்திருந்தும் சண்டைக்கு நடுவே தவறவிட்டுக்கொண்டே இருந்தேன், ஏனென்றால் காரணம் எனக்கு விளங்கியிருக்கவில்லை. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அழுத்தம் மட்டும் அதிகமாக இருந்தால், நெருக்கித் திணிக்கப்பட்ட காற்று-எரிபொருள் கலவை சூடான சிலிண்டருக்குள் அதிக நேரம் தங்குகிறது. தீச்சுடர் சீராகப் பரவி முடிப்பதற்குள் மீதிக் கலவை தானாகவே ஒரே அடியாக வெடித்துவிடுகிறது. சுத்தியலால் பிஸ்டனின் தலையில் அடிப்பதற்கு ஒப்பானது அது. அந்தச் சுத்தியலை ஒருமுறை மனத்தில் வரைந்துகொண்ட பிறகு, என் கை வரிசையை மறக்கவில்லை. (சரி, அரிதாகவே மறந்தது.)

அடுத்த குழப்பம் அளவுகளில் வந்தது. அமெரிக்க விமானங்கள் அழுத்தத்தைப் பாதரச அங்குலத்தில் காட்டும். பிரிட்டிஷ் விமானங்கள் வளிமண்டலத்துக்கு மேல் எத்தனை பவுண்டு என்று காட்டும். ஜெர்மானிய விமானங்கள் ஆட்டா என்ற அலகில் காட்டும். பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயரின் ஒன்பதாம் வகையில் +18 பவுண்டு என்பதும், மஸ்டாங்கில் அவசரச் சக்திக்குரிய 67 அங்குலம் என்பதும் வெவ்வேறு உலகங்கள் என்றே வெகுநாள் எண்ணியிருந்தேன். ஒரு பவுண்டு ஏறத்தாழ இரண்டு அங்குலம் என்று வைத்து, வளிமண்டலத்தின் 30 அங்குலத்தையும் கூட்டிக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றேதான். அதில் வியப்பும் இல்லை. மஸ்டாங்கில் இருப்பது அமெரிக்காவில் பேக்கார்டு நிறுவனம் தயாரித்த, ஸ்பிட்ஃபயரில் உள்ள அதே மெர்லின் குடும்பத்து எஞ்சின். இரண்டிலும் அந்தச் சக்திக்கு 3000 ஆர்பிஎம், ஐந்து நிமிட வரம்பு.

ஜெர்மானிய விமானங்கள் இந்த வேலையில் பெரும்பகுதியைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. ஃபோக்கவுல்ஃப் 190-இன் பிஎம்டபிள்யூ 801 எஞ்சினில், ஒற்றை நெம்புகோலை நகர்த்தினால் கலவை, ஆர்பிஎம், அழுத்தம் எல்லாவற்றையும் ஒரு கருவி பொருத்தமாக அமைத்துவிடும். பறக்கச் சுகமானது, ஆனால் கற்றுக்கொள்ள விரும்புபவர் அதில் தொடங்கக் கூடாது என்பது என் எண்ணம். 1940-ஆம் ஆண்டின் ஸ்பிட்ஃபயர் அதைவிட நல்ல ஆசிரியர். அதன் ரேடியேட்டர் மடலை நாமே திறந்து மூட வேண்டும். தரையில் ஊர்ந்துகொண்டே நேரம் போக்கினால், புறப்படுவதற்கு முன்பே வெப்பமானி மிரட்டத் தொடங்கிவிடும். மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினாலோ கார்புரேட்டரில் எரிபொருள் ஒழுங்கு குலைந்து எஞ்சின் இருமும். நேரடி எரிபொருள் பீய்ச்சல் கொண்ட மெஸர்ஷ்மிட் 109-க்கு அந்தத் தொல்லை இல்லை. பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர் சிறு துளையிட்ட ஒரு தட்டை வைத்து அதற்கு ஓரளவு தீர்வு கண்டது 1941-இல்தான். அந்த ஆண்டுக்கு முந்தைய விமானத்தில், எஞ்சினைக் கவனிப்பது இடது கையின் வேலை மட்டுமல்ல, மூக்கை ஏற்றி இறக்கும் வலது கையின் வேலையும்கூட.

ஐந்து நிமிட வரம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில சிமுலேட்டர்கள் அதை ஒரு கடிகாரமாகவே வைத்திருக்கின்றன. ஐந்து நிமிடம் முடிந்து சில நொடிகளில், குளிர்ந்து நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினும் செத்துவிடும். அசல் கையேடுகளில் அந்த எண் எஞ்சினின் ஆயுளைக் காப்பதற்காகக் கொடுக்கப்பட்டது, வெடிக்கும் நேரமாக அல்ல. வெப்பத்தையும் தேய்மானத்தையும் கணக்கிட்டு எஞ்சினைக் கெடுக்கும் முறையே எனக்கு நேர்மையாகப் படுகிறது, ஏனெனில் அங்கே பார்க்க வேண்டியது நிறுத்தற்கடிகாரம் அல்ல, முள்.

முள்ளைப் பார்ப்பது எப்படி என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு நீண்ட சண்டை. ஒரு 109-ஐத் துரத்திக்கொண்டு, இருவரும் மெதுவான வேகத்தில் திருகுசுருளாக மேலேறிக்கொண்டிருந்தோம். மூன்றாவது சுற்றில் குளிரூட்டி வெப்பமானியைப் பார்த்தேன்: 110 டிகிரி. ஐந்தாவது சுற்றில் சிவப்புக் கோடான 121-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. ரேடியேட்டர் முழுவதும் திறந்தேதான் இருந்தது. ஆனால் அதன் வழியே ஓடுவதற்குக் காற்று வேண்டுமே, அந்த வேகத்தில் காற்று ஏது? எதிரி எனக்கு முன்னூறு மீட்டர் மேலே, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரிந்தான். மனமே இல்லாமல் மூக்கை இறக்கி, த்ராட்டிலை 46 அங்குலத்துக்கும் அதன்பின் ஆர்பிஎம்மை 2700-க்கும் கொண்டுவந்தேன். வேகம் ஏற ஏற முள் மெல்லக் கீழிறங்கியது. அவனைத் தவறவிட்டேன், விமானத்தைக் காப்பாற்றினேன். அதற்குப் பிறகு எதிரியே இல்லாத வானத்தில், வாரம் இரண்டு நாள் அரைமணி நேரம் வெறுமனே ஏறி இறங்கிப் பழகினேன். ஒரு கட்டத்தில் ஒலியைக் கேட்டே ஆர்பிஎம்மை ஊகிக்க முடிந்தது.

இப்போது பி-47 தண்டர்போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அதில், வெளியேறும் புகையின் விசையால் சுழன்று காற்றை அழுத்தும் டர்போசூப்பர்சார்ஜருக்கென்று இன்னொரு நெம்புகோல் உண்டு. கூட்டும்போது ஆர்பிஎம், த்ராட்டில், டர்போ என்ற வரிசை. குறைக்கும்போது அப்படியே தலைகீழ். நேற்று இறங்கும் அவசரத்தில் த்ராட்டிலை இழுத்து, ஆர்பிஎம்மையும் இழுத்துவிட்டு, டர்போ நெம்புகோல் இன்னும் உச்சியிலேயே நிற்பதை ஓடுதளத்தில் நின்ற பிறகுதான் கவனித்தேன்.