மணியின் நான்கு பாதங்கள்

செப்டம்பர் 7, 2025, ஞாயிறு, செந்தூல், கோலாலம்பூர்

மணி எங்கள் வீட்டிற்கு வந்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. நான்கரைக் கிலோ எடையுள்ள ஷிட்ஸு இன நாய். வேலை மாறி வெளியூர் சென்ற ஒரு குடும்பம் எங்களிடம் ஒப்படைத்தது. இன்று அதை முடிவெட்டும் கடைக்குக் கொண்டு சென்றேன். முடிவெட்டும் மின்கருவியின் இரைச்சல் தொடங்கியதுமே மேசையில் சிறுநீர் கழித்துவிட்டது. இரண்டு பேர் அழுத்திப் பிடித்தபோது அது இட்ட ஓலத்தைப் பொறுக்க முடியாமல், பாதி வெட்டிய நிலையிலேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இடப்பக்கம் குட்டையாகவும் வலப்பக்கம் சடையாகவும் நின்ற அதைப் பார்த்து அம்மா சிரிக்கவில்லை, நான்தான் சிரித்தேன். தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரங்கள் இருக்கின்றன. அதற்குள் மீதியை வீட்டிலேயே முடித்துவிட எண்ணம்.

செப்டம்பர் 10, புதன்

சீப்பைத் தரையில் வைத்து, பக்கத்தில் வேகவைத்த கோழித் துண்டுகளைப் போட்டேன். அவ்வளவுதான் இன்றைய வேலை. சீப்பைக் கண்டதும் மணி மூக்கை நக்கியது, தூக்கமே இல்லாதபோது கொட்டாவி விட்டது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரப்பார்வை பார்த்தது. இவை மூன்றும் அச்சத்தின் அறிகுறிகள். உறுமல் இவற்றிற்கெல்லாம் பிறகுதான் வரும். கடையிலும் இவற்றைக் காட்டியிருக்கும், நான்தான் கவனிக்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று சிக்கு எடுத்தோம். ஷிட்ஸுவின் முடி நம் தலைமுடியைப் போல வளர்ந்துகொண்டே இருக்கும். உதிர்வதும் வெளியே விழாமல் உள்ளேயே சிக்கிச் சடையாகிவிடும். காதுக்குப் பின்புறம், அக்குள், கழுத்துப்பட்டை உரசும் இடம் ஆகியவற்றில் சடை கம்பளித் துணிபோல இறுகியிருந்தது. தண்ணீர் பட்டால் இது இன்னும் இறுகும் என்பதால், குளிப்பாட்டுவதற்கு முன்பே பிரித்துவிட வேண்டும். முடியின் அடிப்பகுதியை விரல்களால் பிடித்துக்கொண்டால் இழுப்பு தோலைச் சென்றடையாது. சிறிது சோள மாவைத் தூவி, நுனியிலிருந்து மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினேன். கத்திரியைச் சடைக்கு அடியில் நுழைக்கக் கை துறுதுறுத்தது உண்மை. ஆனால் சடையோடு சேர்ந்து மெல்லிய தோலும் மேலெழும்பி நிற்கும், வெட்டுவது முடியா தோலா என்று தெரியாது என்பதால் அடக்கிக்கொண்டேன். ஒரு காது முடிய இருபது நிமிடங்கள் ஆயின. மணி எழுந்து போனதும் நானும் நிறுத்திவிட்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

குளியல். "நல்லெண்ணெய் தேச்சு, சிகைக்காய் போட்டுக் குளிப்பாட்டினா முடி பட்டு மாதிரி இருக்கும்," என்றார் அம்மா. எண்ணெயை மணி நக்கியே தீர்த்துவிடும். சிகைக்காய் கண்ணில் பட்டால் நமக்கே எரிகிறது. நம் ஷாம்புவும் வேண்டாம் என்றேன், ஏனெனில் நாயின் தோல் நம் தோலைவிட அமிலத்தன்மை குறைந்தது. நாய்களுக்குரிய ஷாம்புவும் வெதுவெதுப்பான நீருமே போதும் என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டார். வாளிக்குள் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டதும் கால் வழுக்காததால் நடுக்கம் பாதியாகக் குறைந்தது. இத்தனை எளிய காரியம் முதல் நாளே தோன்றாமல் போனது. உலர்த்துவதில்தான் நேரம் சென்றது: கோலாலம்பூரின் புழுக்கத்தில் அடிமுடி ஈரமாக இருந்துவிட்டால் தோலில் பூஞ்சை பிடிக்கும். உலர்த்தும்போதே விரலிடுக்குகளில் உண்ணி இருக்கிறதா என்று தேடினேன்; இல்லை.

அக்டோபர் 3, வெள்ளி

நகம். முன் வலக்காலில் நகங்கள் வெள்ளை, உள்ளே ஓடும் இரத்த நாளம் இளஞ்சிவப்பாகத் தெரிந்ததால் அதற்கு முன்னதாகவே வெட்டிவிட முடிந்தது. மற்ற மூன்று கால்களிலும் கறுப்பு நகங்கள். அவற்றில் மெல்லிய சீவல்களாக வெட்டிக்கொண்டே வந்து, வெட்டிய முகப்பின் நடுவில் கரும்புள்ளி தென்பட்டவுடன் நிறுத்த வேண்டும். முன் இடக்காலின் நான்காவது நகத்தில் நான் ஒரு சீவல் கூடுதலாகப் போய்விட்டேன். மணி ஒருமுறை கத்தியது, இரத்தம் வந்தது. சோள மாவை வைத்துச் சில நிமிடங்கள் அழுத்திப் பிடித்ததும் நின்றது. அன்று முழுவதும் அந்தக் காலை என்னிடம் தரவில்லை. தருவதற்கு அதற்கு எந்தக் காரணமும் இல்லை.

அக்டோபர் 9, வியாழன்

நான்கு மணிக்கு இடி. மணி கட்டிலுக்கடியில். இந்தப் பருவத்தில் மாலை மழை வழக்கம் என்பதால், இனி வேலையெல்லாம் காலையில்தான்.

அக்டோபர் 12, ஞாயிறு

மின்கருவியை அடுத்த அறையில் ஓடவிட்டு இங்கே சோறு வைப்பதும், நாளுக்கு இரண்டடி அருகே நகர்த்துவதுமாகப் பத்து நாட்கள் சென்றன. கருவி வாசற்படியைத் தாண்டியதும் மணி தட்டை விட்டு எழுந்துவிட்டது. ஆகவே கருவியைப் பெட்டியில் வைத்துவிட்டு, முனை மழுங்கிய கத்திரியாலேயே வலப்பக்கத்தை வெட்டினேன். சீப்பை முடிக்குள் விட்டு, சீப்புக்கு மேலே தெரிவதை மட்டும் வெட்டினால் தோல் பத்திரமாக இருக்கும். படிக்கட்டு போல வந்திருக்கிறது. அம்மா மணியின் தாடையைத் தாங்கிப் பிடிக்க, கண்ணருகே உள்ள முடியை நான் வெட்டினேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

மூன்று பாதங்கள் முடிந்தன, பின் இடக்காலில் இரண்டு நகங்கள் பாக்கி. காலையில் நகவெட்டியை எடுத்தபோது மணி ஓடவில்லை, ஆனால் காலை உள்ளிழுத்துக்கொண்டது. அதற்குள் தெருவில் யாரோ பட்டாசு கொளுத்த, கட்டிலுக்கடியில் போய்விட்டது. நகவெட்டியை இழுப்பறையில் போட்டு மூடினேன். நாளை விடியற்காலை எண்ணெய்க் குளியலுக்காக அம்மா துண்டுகளை மடித்து வைத்திருக்கிறார். எங்கள் இரண்டு துண்டுகளுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு பழைய சிறு துண்டும் இருக்கிறது. மணிக்கு நாளை குளியல் இல்லை என்பதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.