ரசச் சொம்பு வாளான கதை

ரசம் வைக்க ஈயச்சொம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, புளியைக் கரைத்து எடுத்து வருவதற்குள் என் மனைவிக்கு அவள் அக்காவிடமிருந்து போன். திரும்பி வந்து பார்த்தால் சொம்பைக் காணோம். அடுப்பு மேடையில் வெள்ளிக் குட்டை மாதிரி ஏதோ பளபளத்துக் கிடந்தது. ஈயச்சொம்பு புழங்கும் வீடுகளுக்கு இந்தத் துக்கம் தெரியும். வெறும் சொம்பு 232 டிகிரியில் இளகிவிடும். அவள் அழாத குறை. எனக்கோ உள்ளூர சந்தோஷம். சுரண்டி எடுத்து நிறுத்தேன்: 450 கிராம் வெள்ளீயம்.

பாபநாசத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு வெள்ளீயம் எதற்கு? கிரேக்க வாளுக்கு.

இரண்டு வருடமாகப் பிடித்திருக்கும் கிறுக்கு இது. நான் செய்ய நினைத்தது ‘நாவே இரண்டு’ வகை. யூலியஸ் நாவே என்ற ஜெர்மானியத் தொல்லியலாளர் பெயரால் வழங்குவது. கி.மு. 13ஆம் நூற்றாண்டு வாக்கில் கிரேக்கப் பக்கம் வந்து சேர்ந்த வெண்கல வாள், அதாவது செம்போடு வெள்ளீயம் கலந்து வார்த்தது. அதற்கு முன்னால் அங்கே இருந்தவை நீளமாய், ஒல்லியாய், பார்க்க அழகாய் இருக்கும். 1876இல் ஷ்லீமன் என்ற அகழாய்வாளர் கிரேக்கத்தின் மைசீனியில் தோண்டி எடுத்த கல்லறைகளில் அப்படிப்பட்டவை நிறைய. ஆனால் பிடிக்குள் போகும் வால் சின்னது. ஓங்கி வெட்டினால் அங்கேதான் முறியும். நாவே இரண்டில் அலகும் பிடியும் ஒரே வார்ப்பு. பிடியின் இருபுறமும் விளிம்பு எழும்பி நிற்கும். அந்தப் பள்ளத்தில் எலும்போ மரமோ வைத்து ரிவிட் அடித்துவிடுவார்கள்.

கடைக்கு வருகிற தமிழாசிரியர் ஒருவர், “பூம்புகார் யவனர் வாளா?” என்று கேட்டார். இல்லை சார், யவனர் நம் கரைக்கு வருவதற்கு ஆயிரம் வருடம் முந்தியது. அவர்கள் இடுப்பில் இருந்தது இரும்பாகத்தான் இருக்கும்.

முதல் வாள் வீணானதும் ஈயத்தால்தான். சுவாமிமலையில் ஒரு ஸ்தபதியிடம் படத்தைக் கொடுத்துவிட்டு, போனில், “செம்பு தொண்ணூறு, ஈயம் பத்து” என்றேன். என் வீட்டில் ஈயம் என்றால் ரசச் சொம்பு, அதாவது வெள்ளீயம் (டின்). அவர் பட்டறையில் ஈயம் என்றால் காரீயம் (லெட்). சிலைக்குச் செம்பும் பித்தளையும் போட்டு, கொஞ்சம் காரீயம் சேர்ப்பது அவர் வழக்கம். “பத்து ரொம்ப ஜாஸ்தியாச்சே தம்பி”ன்னு கேட்டார்கூட. நான்தான் பெரிய மனுஷன் மாதிரி, “புஸ்தகத்துல அப்படித்தாங்கய்யா இருக்கு” என்றேன். காரீயம் செம்போடு கரையாது. உள்ளே பொட்டுப் பொட்டாய்த் தனியே நிற்கும். தென்னங்கட்டையில் ஒரே வெட்டு. முனை மடங்கி, வாள் வளைந்து என்னைப் பார்த்தது. எடையும் ஒரு கிலோ நானூறு. பழைய வாள்கள் பெரும்பாலும் ஒரு கிலோவைத் தொடாது.

சொம்பு உருகிய மறுநாள் டிவிஎஸ் ஐம்பதில் மறுபடி சுவாமிமலை. ஒண்ணே முக்கால் கிலோ செம்புக்கு இருநூறு கிராம் வெள்ளீயம். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து அலகு பிடித்தார். மேலே காவிரி வண்டல். அதைக் குழைத்து மெல்லிசாய்ப் பூசினால் மெழுகில் இருக்கும் நகக்கீறல்கூட அச்சில் விழும். பிறகு சுட்டு மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார். (அந்தக் காலத்து வாள்களைப் பெரும்பாலும் இரண்டு பாதியாக இருந்த அச்சில்தான் வார்த்தார்கள். இந்த இடத்தில் நான் ஏமாற்றியிருக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன்.) அலகின் விளிம்புக் கனத்தை மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே இறக்க அவர் சம்மதிக்கவில்லை. “உலோகம் ஓடாது தம்பி, பாதியில நின்னுடும்.”

அப்படியானால் கூர்ப்பக்கம் எப்படி மெலியும்? அடித்துத்தான். சிலை செய்கிறவர் வார்ப்பார், ராவுவார், செதுக்குவார். தகடு மாதிரி அடிக்க மாட்டார். அதற்குக் கும்பகோணத்தில் பாத்திரம் தட்டும் ஒரு பெரியவரைப் பிடித்தேன். இரும்பைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் கெட்டிப்படும். வெண்கலம் நேர் எதிர். காய்ச்சித் தோய்த்தால் இளகும், காய்ச்சாமல் பச்சையாய் அடிக்க அடிக்க இறுகும். பெரியவர் காதாலேயே வேலை செய்தார். சத்தம் ‘டங்’கிலிருந்து ‘டிங்’குக்கு மாறினதும் சுத்தியலை வைத்துவிட்டார். “கோவிச்சுக்கிச்சு. இனிமே அடிச்சா வெடிக்கும், ஒருவாட்டி காய்ச்சணும்.” மூன்று முறை காய்ச்சி, மூன்று முறை தட்டினார். கடைசி முறை தட்டியதோடு சரி, காய்ச்சவில்லை. அந்த இறுக்கம்தான் வாளுக்கு வேண்டியது.

பூவரசங்கட்டையில் பிடி போட்டேன். மொத்தம் 65 செ.மீ., 760 கிராம். கூர் தீட்டவில்லை, “போலீஸ் கேட்டா என்ன சொல்லுவீங்க?” என்று வீட்டில் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. தென்னங்கட்டையில் மெதுவாக ஒன்று போட்டேன். வளையவில்லை.

மீதி 250 கிராம் வெள்ளீயம் ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது. இன்னொரு வாளுக்குத் தாராளமாய்க் காணும். அதைப் போட்டுப் புதுச் சொம்பு வாங்கிவரச் சொல்லி ஒரு மாதமாக எங்கள் வீட்டில் ரசம் இல்லை.