கேபின் ஓட்டை வழியே தெரிந்த காதல்

தியேட்டரில் படம் ஓட்டும் ஆபரேட்டர் வேலையில் இருப்பவன் படம் பார்ப்பது முதல் இரண்டு காட்சிகளோடு சரி. அப்புறம் பார்ப்பதெல்லாம் ஆட்களைத்தான். ரீல் முடியப்போகிறது என்று திரையின் வலது மேல் மூலையில் பொட்டு விழுந்ததும் அடுத்த மிஷினுக்கு மாற்ற வேண்டும், அதற்கு ஒரு கண் போதும். இன்னொரு கண்ணுக்கு வேலை கேபின் ஓட்டை வழியாகக் கீழே பார்ப்பது. யார் எங்கே விசிலடிக்கிறார்கள், எந்தக் காட்சிக்குப் பீடி பற்றவைக்க எழுந்து போகிறார்கள் என்று.

ராமேஸ்வரத்தை ஒட்டிய மண்டபம் ஊர்ப் பக்கம் நான் வேலை பார்த்த தியேட்டருக்குக் கூட்டம் வருவது கடல் கணக்கில். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று முறை உண்டு. எந்தப் படகு கரையில் நிற்கிறதோ அந்த ஆட்கள் இரவுக் காட்சிக்கு வருவார்கள். வலை இழுத்த களைப்பில் பாதிப் பேர் சண்டைக் காட்சியிலேயே குறட்டை விடுவார்கள். ஆனால் காதல் கிறுக்கு முற்றிக் கத்தியைத் தூக்கும் படம் என்றால் ஒருத்தரும் கண் மூட மாட்டார்கள்.

1999 ஏப்ரலில் ‘படையப்பா’ வெளியானது, அதே மாதக் கடைசியில் ‘வாலி’. எங்களுக்குப் படப்பெட்டி வந்து சேர நாளாகும், அது வேறு கதை. ஒன்றில் தனக்குக் கிடைக்காத ஆணை நினைத்துப் பதினெட்டு வருஷம் அறைக்குள் கிடந்து, வெறுப்பை வளர்த்துக்கொண்டு வெளியே வரும் நீலாம்பரி. இன்னொன்றில் தம்பி பெண்டாட்டி மேல் பித்துப்பிடித்து அலையும், காது கேளாத, வாய் பேசாத அண்ணன் தேவா. ரம்யா கிருஷ்ணன் நடந்து வந்தாலே விசில் பறந்தது, அதை மறுக்கவில்லை. ஆனாலும் ரஜினி அவரை மட்டம் தட்டும்போது கிளம்பிய கைதட்டலில்தான் கேபின் கதவு அதிர்ந்தது. தேவா தம்பியை ஏமாற்றும்போது அதே ஆட்கள் அவன் கூட்டாளிகள் மாதிரி சிரித்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நோய்தான். அவளுக்கு மட்டும் “வேணும்டி ஒனக்கு.”

நம் ஊர்தான் இப்படி என்றும் சொல்லிவிட முடியாது. 1987இல் வந்த ‘ஃபேட்டல் அட்ராக்‌ஷன்’ படத்துக்கு முதலில் எடுத்த முடிவில் கல்யாணமான ஒருவன்மேல் கிறுக்கான பெண் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்வாள், பழி அவன்மேல் விழும். வெளியிடும் முன் போட்டுக் காட்டிய காட்சிகளில் ஜனங்களுக்கு அது பிடிக்கவில்லை. அவனுடைய மனைவியே அவளைச் சுட்டுக் கொல்வதாக மாற்றி எடுத்தார்கள். கல்யாணமானவன் அவளிடம் போனானே, அதற்கு என்ன தண்டனை என்று அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் கேட்டிருப்பார்களோ!

எந்தப் படத்தில் ஜனங்கள் எதை விரும்பினார்கள் என்று ஆபரேட்டருக்கு ரீலே சொல்லிவிடும். பல ஊர் சுற்றி வரும் பிரிண்ட்டில் முதலில் தேய்வது பாட்டு ரீல்தான். ஒன்ஸ்மோர், ஒன்ஸ்மோர் என்று கத்தி, ஓட்டி ஓட்டிக் கோடு விழுந்திருக்கும், நாலு இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கும். ‘குணா’ மறுபடி ஓடியபோது எங்களுக்கு வந்த பெட்டியில் ‘கண்மணி அன்போடு’ வரும் ரீலில் கோடு மழையாகக் கொட்டியது. குகைக்குள் கடத்தி வைத்திருக்கும் பெண்ணிடம் குணா கடிதம் சொல்லும் பாட்டு அது. 1980இல் வந்த ‘மூடுபனி’யில் ‘என் இனிய பொன் நிலாவே’யும் அப்படித்தான், கொலைகாரன் தான் தூக்கிக்கொண்டு போன பெண்ணுக்கு ஊட்டி வீட்டில் கிதார் வாசித்துப் பாடுவது. இரண்டையும் இந்தக் கரையில் எத்தனையோ கல்யாண மேடைகளில் கேட்டுவிட்டேன். மாப்பிள்ளை, பெண் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருப்பார்! ராஜா போட்ட மெட்டு அப்படி, கயிறு கட்டியிருப்பதே தெரியாது.

2003இல் ‘காதல் கொண்டேன்’. கடைசியில் மலை விளிம்பில் நாயகியின் காதலனும் அவள்மேல் கிறுக்கான தனுஷும் தொங்குவார்கள், சோனியா அகர்வால் ஒரு கைக்கு ஒருத்தராகப் பிடித்திருப்பார். காதலன் அவனை விட்டுவிடு என்பான். அவளால் முடியாது. தனுஷே சிரித்துக்கொண்டு கையை விடுவார். கடலில் எதைப் பார்த்தும் கலங்காத ஆட்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போவதைப் பார்த்தேன். ஒருநாள் மேட்னி முடிந்து, கருவாடு விற்கும் அக்கா ஒருத்தர் படிக்கட்டுப் பக்கம் தண்ணீர் குடிக்க வந்தார். சைக்கிள் ஸ்டாண்டில் கூடையைப் போட்டுவிட்டுப் படம் பார்ப்பவர்.

“என்னக்கா, ஊரே அழுகுது, நீங்க அழுகலையா?” என்றேன்.

“எங்கிட்டுத் தம்பி அழுக? அந்தப் புள்ள ரெண்டு தடிப்பயலுகள ரெண்டு கையில புடிச்சுக்கிட்டுக் கெடக்கு. தோள்பட்டை என்னத்துக்கு ஆகும்? ஒருத்தனாச்சும் அதக் கேட்டானா?”

கூடை சுமந்த தோளுக்குத்தான் அது தெரிந்திருக்கிறது. சாயங்காலக் காட்சியில் அந்த ரீல் வந்ததும் சோனியாவின் கையைத்தான் பார்த்தேன். ஆனால் பார்க்க விட்டால்தானே! கேமரா தனுஷின் முகத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறது, யுவன் வேறு உருக்குகிறார். அதற்கப்புறம் இப்படிப்பட்ட படம் வந்தால் பெண்கள் பக்கத்தையும் கவனிக்க ஆரம்பித்தேன். ஆண்கள் பக்கம் விசில் பறக்கும் இடங்களில் அங்கே பல சமயம் சத்தமே இருக்காது. படம் விட்டதும் நாலு பையன்கள் அதே பாட்டைப் பாடிக்கொண்டு அந்தப் பிள்ளைகளின் பின்னாலேயே பஸ் நிறுத்தம் வரைக்கும் போவார்கள். பின்னால் போவதையே தனிக் குற்றமாக்கிய சட்டம் 2013இல்தான் வந்தது.

இப்போது ரீலும் இல்லை, பொட்டும் இல்லை. பட்டனைத் தட்டிவிட்டு உட்கார வேண்டியதுதான். 2024இல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ ஓடியபோது, ‘குணா’ எடுத்த அதே கொடைக்கானல் குகையில் விழுந்த நண்பனை மேலே தூக்கும் இடத்தில் அந்தப் பழைய ‘கண்மணி அன்போடு’ பாட்டு வந்தது. ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்றில்லாமல் மொத்தத் தியேட்டரும் கத்தியது. அந்தப் பாட்டுக்குப் பொருத்தமான காட்சி வந்து சேர முப்பத்துச் சொச்சம் வருஷம் ஆகியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. மானேஜரிடம் சொன்னேன். “ஏப்பா, குணாவுல இதவிட நல்லா இருக்கும்ல?” என்றார். அவரும் இந்த ஊர்க்காரர்தான்.