அவள் பெயரை மூன்று முறை சொன்னேன்

ஒன்பது நாள், பதினோரு மெசேஜ், நேரில் ஒரு நடை. இவ்வளவுக்கும் பிறகுதான், நான் கவிதை வாசித்த அந்த வீடியோவை இன்ஸ்டாகிராமிலிருந்து நீக்கினார்கள். காதல் கவிதையோடு மேடை ஏறப்போகிற யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் பொறுங்கள்.

சென்னையில் ஒரு காபிக் கடையில் மாதம் ஒரு முறை ஓபன் மைக், பெயர் கொடுத்த யாரும் மேடை ஏறலாம். நுழைவு 200 ரூபாய், அதில் ஒரு காபி உண்டு, ஆளுக்கு நான்கு நிமிடம். கல்லூரிக் கவியரங்கத்தில் வாசித்த தைரியத்தில் போனேன். பெயர்ப் பட்டியல் முந்தின நாளே நிறைந்துவிட்டதாம். “தமிழா? அப்ப லாஸ்ட்ல பார்க்கலாம்” என்றார் தொகுப்பாளர். ஒன்பதரை வரை உட்கார்ந்திருந்தேன். மைக் ஸ்டாண்டை மடக்கிவிட்டார்கள். திரும்பி வர ஆட்டோவுக்கு 180.

சரி, அடுத்த மாதம் ஆன்லைன் படிவம் திறந்த அன்றே பதிந்துவிட்டேன்.

ஒருகாலத்தில் நான் காதலித்த பெண்ணைப் பற்றிய கவிதை. எழுதியதில் பெரிய கதை இல்லை, இரண்டு இரவு. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோதுதான் வினை. “நான் உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறேன்” என்றால் டப்பிங் சீரியல் மாதிரி இருக்கிறது. தாளில் உறுத்தாத அந்த “கொண்டிருக்கிறேன்”, காதில் கூட்ஸ் வண்டியாக நீள்கிறது. முழுக்கப் பேச்சுத் தமிழாக்கினால் நண்பனிடம் போனில் புலம்புவது போல் ஆகிவிடுகிறது. கடைசியில் கதை நகரும் இடமெல்லாம் பேச்சு, திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி மட்டும் எழுத்துத் தமிழ் என்று வைத்தேன். அது நின்றது.

நீளமும் ஏமாற்றும். 420 சொல்லை மனசுக்குள் வாசித்தால் மூன்று நிமிடம், நின்று மூச்சுவிட்டுச் சொன்னால் ஐந்து. 1980களில் சிகாகோவில் பிறந்த ஸ்லாம் என்ற மேடைக் கவிதைப் போட்டியில் மூன்று நிமிடமும் பத்து விநாடி சலுகையும்தான், தாண்டினால் மதிப்பெண்ணில் கை வைப்பார்கள். நம் ஊர் ஓபன் மைக்கில் மதிப்பெண் கிடையாது, தொகுப்பாளர் மேடையோரம் வந்து சிரித்துக்கொண்டே நிற்பார். அது இன்னும் கொடுமை.

அன்றைக்குப் போனைப் பார்த்துத்தான் வாசித்தேன். திரை இரண்டு முறை அணைந்தது. மைக்கை வாயோடு ஒட்டி வைத்திருந்ததால் ஒவ்வொரு ‘ப’வும் வெடித்தது. “பஸ் பாஸ்” என்ற இடத்தில் முன்வரிசைப் பெண் காதைப் பொத்திக்கொண்டார். குரலைத் தாழ்த்தி முக்கியமான வரிக்கு வந்த நேரம் பார்த்து, கவுண்டரில் பால் நுரைக்கும் மெஷின் புஸ்ஸென்று இரைந்தது. பதற்றத்தில், முடிக்கும்போது அவள் பெயரை மூன்று முறை சொன்னேன். நன்றாகக் கை தட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நான்காம் நாள் அந்த வீடியோ இன்ஸ்டாகிராமில் வந்துவிட்டது. படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் சம்மதம் இருந்ததாம், நானும் டிக் அடித்திருக்கிறேன். அவள் பெயர், படித்த கல்லூரி, ஏறும் ஸ்டாப்பிங் எல்லாம் சப்டைட்டிலோடு. யாரோ சொந்தக்காரப் பையன் பார்த்து, அவர்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். ஆறு வருஷம் கழித்து அவளிடமிருந்து வந்த முதல் மெசேஜ்: “எடுத்துடு.”

அமைப்பாளர்களிடம் கேட்டால், “எடிட் பண்றவர் ஊருக்குப் போயிருக்கார்.” மறுபடி கேட்டால், “வ்யூஸ் நல்லா போகுது ப்ரோ, அவ்ளோ அவசரமா?” மற்றதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

அகத்திணைப் பாட்டில், அதாவது சங்கக் காதல் பாட்டில், காதலர் பெயரைச் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. பி.ஏ.வில் இரண்டு மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன். பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில் தலைவன் பெயர்கூட வராது. வேலில் கட்டிய வேம்பு, பாண்டியரின் அடையாளம், அவனைக் காட்டிக்கொடுக்கிறது என்று அதைப் புறத்தில், அதாவது போரும் அரசரும் பாடும் பாட்டில், சேர்த்தார்கள். நான் என்னடாவென்றால் வேம்பு, வேர், வீட்டு விலாசம் வரை கொடுத்திருக்கிறேன்.

கவிதையிலிருந்து பெயரை நீக்கினேன். கல்லூரி, ஸ்டாப்பிங் போயின. மிச்சம் பார்த்தால், முதலில் ஒற்றை வரியாகக் கடந்துபோயிருந்த ஒரு விஷயம் இருந்தது. 29சி பேருந்தில் சில்லறை இல்லாத கண்டக்டர் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே பத்து ரூபாயைக் கொடுத்து, “ரெண்டு பேரும் பிரிச்சுக்கங்க” என்றார். அவள் வாங்கி வைத்துக்கொண்டாள். கவிதையே அங்கேதான் இருந்திருக்கிறது. “அந்த அஞ்சு ரூபா இன்னும் உன்கிட்டதான் இருக்கு” என்று முடித்தேன். 260 சொல். எழுத்துத் தமிழ் வரிக்கு வேலையே இல்லாமல் போனது, அதையும் வெட்டினேன்.

இந்த முறை மனப்பாடம். மைக் வாயிலிருந்து நாலு விரல் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில். வீடியோவை எனக்குக் காட்டாமல் போடக்கூடாது என்று முன்னாடியே மெசேஜில் எழுதி வாங்கிக்கொண்டேன், வாய்ப்பேச்சை நம்பவில்லை. கவுண்டர் தம்பியிடம் போய், “நான் ஏறினதும் நாலு நிமிஷம் மட்டும் அந்த மெஷினைத் தொடாதீங்க” என்று கேட்டேன். தலையாட்டினான்.

கண்டக்டர் சொன்ன வரிக்கு எல்லாரும் சிரித்தார்கள். இது நடக்காத ஆள் சென்னையில் யார்? கடைசி வரிக்குக் கைதட்டல் உடனே வரவில்லை. அந்த இரண்டு விநாடி அமைதிதான் எனக்கு வேண்டியிருந்தது. மூன்று நிமிடம் பத்து விநாடியில் இறங்கிவிட்டேன்.

கவுண்டரிலிருந்து அந்தத் தம்பி எட்டிப் பார்த்தான். “அண்ணா, முடிஞ்சுதா? நாலு காபி நிக்குது.”