ஒட்டு நுனியில் ஒரு தையல்

முழங்காலில் அறுந்துபோன ஏசிஎல் என்ற தசைநாருக்குப் பதிலாக ஒரு தசைநாணை ஒட்டாக வைக்கும் அறுவை சிகிச்சை என்றால், பேச்செல்லாம் அதை எலும்பில் பொருத்தும் திருகாணியைப் பற்றித்தான். ஒட்டாக எடுத்த தசைநாணின் நுனியில் போடும் தையலை யாரும் கண்டுகொள்வதில்லை. எனக்கென்னவோ சுவாரசியமே அங்கேதான்.

தசைநாண் நார்கள் நீளவாக்கில் ஓடுபவை. சும்மா குத்தி இழுத்தால் நூல் நார்களைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிடும். 1986-இல் எலும்பு அறுவை மருத்துவர் கிராக்கோவும் உடன் பணியாற்றியவர்களும் விவரித்த தையலில் ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் நாரைக் கவ்விப் பூட்டிக்கொள்ளும். பிடிப்பு அருமை, ஆனால் பொறுமை வேண்டும். பூட்டுகளில் தளர்வு விட்டுவைத்தால், பிறகு விசை ஏறும்போது அது இறுகும். அந்த அளவுக்கு ஒட்டு நீளும்.

விப் ஸ்டிட்ச் என்ற தையல் சுற்றிக்கொண்டே போவது, சட்டென்று முடியும். ஃபிங்கர் டிராப் என்ற வகையில் நூலைத் தசைநாணின் வெளிப்புறத்தில் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுகிறார்கள். இழுத்தால் இறுகும், ஊசிக் குத்தும் குறைவு.

எது பலம் என்று கேட்டால் எல்லோரும் அறுபடும் விசையைத்தான் சொல்கிறார்கள். திரும்பத் திரும்ப இழுக்கும்போது எத்தனை மில்லிமீட்டர் நீள்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். நூல் அறுந்துபோக வேண்டியதே இல்லை, ஒட்டு தளர்ந்தாலே முட்டி ஆடும். அதனால்தான் பொருத்துவதற்கு முன்பே ஒட்டை இழுவிசையில் வைத்துத் தளர்வை எடுத்துவிடுவார்கள்.

அப்புறம் இன்னொன்று. திருகாணி தசைநாணையே எலும்போடு அழுத்திப் பிடித்தால், தையலுக்குப் பெரும்பாலும் எலும்பில் துளைத்த சுரங்கத்துக்குள் ஒட்டை இழுக்கும்வரைதான் வேலை. நூலையே வெளியே ஓர் ஆணியில் கட்டினால், ஒட்டு எலும்போடு சேரும்வரை வாரக்கணக்கில் சுமை அந்த முடிச்சின் மேல்தான்.