ஃபெஸ் போனால் மதிலுக்குள்ளேயே தங்குங்கள்

மொராக்கோ போகிறவர்கள் பெரும்பாலும் மராகேஷில் இறங்கி, சஹாரா பக்கம் ஒரு சுற்று போய், ஃபெஸ் நகரத்துக்கு ஒரே ஒரு பகலை ஒதுக்குகிறார்கள். அந்தப் பகலில் வழிகாட்டியின் முதுகைப் பார்த்தபடி சந்து சந்தாக ஓடி, தோல் பதனிடும் தொட்டிகளை ஒரு மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, கம்பளக் கடையில் ஒரு தேநீர் குடிப்பதற்குள் பேருந்து கிளம்பும் நேரம் வந்துவிடும். என்னைக் கேட்டால், மொராக்கோவில் ஒரே ஒரு ஊரைத்தான் பார்க்க முடியும் என்றால்கூட ஃபெஸ்ஸைத்தான் சொல்வேன், அதுவும் குறைந்தது மூன்று இரவு, பழைய நகரத்தின் மதிலுக்குள்ளேயே தங்கி.

ஃபெஸ் எல் பாலி என்று அழைக்கப்படும் அந்தப் பழைய நகரத்தின் சந்துகளுக்குள் கார் நுழைய முடியாது. எரிவாயு உருளையிலிருந்து பச்சைத் தோல் வரை எல்லாமே கோவேறு கழுதை முதுகிலும் கைவண்டியிலும்தான் போகின்றன. பகல் முழுக்கச் சுற்றுலாக் கூட்டம் இருக்கும், ஆனால் காலை ஏழு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் ஊர் அங்கே குடியிருப்பவர்களிடம் திரும்பிவிடும். பிசைந்த மாவைத் தட்டில் வைத்துத் துணி போட்டு மூடி, தெருவின் பொது அடுப்புக்கு எடுத்துப்போகும் பிள்ளைகளைப் பார்க்கலாம். ஃபர்ரான் என்று சொல்லப்படும் அந்த அடுப்பு, ஒரு பள்ளிவாசல், ஒரு நீரூற்று, ஒரு குளியல்கூடம், ஒரு குரான் பள்ளி, இந்த ஐந்தும் சேர்ந்ததுதான் அங்கே ஒரு பேட்டை. வெளியே புதுநகரத்து ஓட்டலில் தங்கினால் இதில் பாதி கண்ணில் படாது.

ஊரின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நடக்கும்போது உதவும். 789இல் மன்னர் முதலாம் இத்ரீஸ் ஆற்றின் ஒரு கரையில் குடியேற்றத்தைத் தொடங்கினார். இருபது ஆண்டு கழித்து அவர் மகன் இரண்டாம் இத்ரீஸ் எதிர்க்கரையில் இன்னொரு ஊரைக் கட்டினார். ஸ்பெயினின் கோர்டோபாவிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் ஒரு கரையிலும், துனிசியாவின் கைரவானிலிருந்து வந்தவர்கள் மறு கரையிலும் குடியேறினார்கள். இன்றும் ஒரு கரைக்குப் பெயர் அந்தலூஸ், மறு கரைக்கு கரவிய்யீன். 1912இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்தபோது தலைநகரை ரபாத்துக்கு மாற்றி, தங்களுக்கான நகரத்தை மதிலுக்கு வெளியே தனியாகக் கட்டிக்கொண்டார்கள். அந்நிய ஆட்சியின் அந்த முடிவால்தான் உள்ளே இருந்தது இடிபடாமல் தப்பியது. 1981இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

தங்குமிடத்துக்கு வருவோம். பழைய வீடுகளைப் புதுப்பித்து விடுதி ஆக்கியிருக்கிறார்கள். நடு முற்றத்தில் மரமும் நீரூற்றுமாகத் தோட்டம் இருந்தால் ரியாத், முற்றம் மட்டும் இருந்தால் தார். ஃபெஸ்ஸில் இடம் நெருக்கம் என்பதால் தார்தான் அதிகம், விளம்பரத்தில் எல்லாமே ரியாத் என்றுதான் போட்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னல்கூட இல்லாத மொட்டைச் சுவரும் குனிந்து நுழைகிற கதவும்தான். உள்ளே போனால் மூன்று மாடி உயரத்துக்குத் திறந்த முற்றம், அரைச்சுவர் வரை ஸெல்லீஜ் என்ற வண்ண ஓடு, அதற்கு மேல் செதுக்கிய சுண்ணச்சாந்து, கூரையில் தேவதாரு மரம். வீட்டின் அழகை வீட்டாருக்காகவே வைத்துக்கொண்ட அந்தக் கட்டுமானம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

முன்பதிவுக்கு முன் சிலதைக் கேட்டுவிடுங்கள். டாக்ஸி நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு நடக்க வேண்டும், பெட்டியை எடுத்துப்போக ஆள் அனுப்புவார்களா, அறை எந்த மாடியில். படிகள் செங்குத்தாகவும் உயரமாகவும் இருக்கும், லிஃப்ட் இருக்கும் வீடு அபூர்வம். அம்மா அப்பாவைக் கூட்டிப்போகிறவர்கள் கீழ்த்தள அறையை வற்புறுத்திக் கேளுங்கள். டிசம்பர், ஜனவரியில் போகிறீர்கள் என்றால் அறையில் ஹீட்டர் உண்டா என்பது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். திறந்த முற்றமும் ஓடு பதித்த தரையுமான வீடு கோடையில்தான் சுகம், குளிர்காலத்தில் எலும்பு வரை நடுங்க வைக்கும். மார்ச் கடைசியிலிருந்து மே வரையும், அப்புறம் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரையும் நல்ல பருவம்.

முதல் முறை போகிறவர்களுக்கு பத்ஹா சதுக்கம், பாப் பூ ஜலூத் வாசல் பக்கம் வசதி, டாக்ஸி அருகே வரை வரும். குறைந்த செலவில் அறைகளும் அங்கேதான் கிடைக்கும். எனக்குப் பிடித்தது ஆற்றோரம் ரசீஃப் பக்கம். உள்ளூர்க்காரர்கள் காய்கறி வாங்கும் சந்தை அங்கே இருக்கிறது, கரவிய்யீன் பள்ளிவாசல் நடந்து போகும் தூரம், வண்டியும் சதுக்கம் வரை வந்துவிடும்.

வழி தெரியாமல் போகுமே என்று பயப்பட வேண்டாம். கைபேசி வரைபடம் அந்தச் சந்துகளில் தடுமாறும், ஆனால் சரிவு ஏமாற்றாது. ஊர் ஒரு கிண்ணம் மாதிரி. இறங்கிக்கொண்டே போனால் ஆறும் ரசீஃபும் வரும், அங்கிருந்து தலா கபீரா, தலா ஸ்கீரா என்ற இரண்டு பெரிய தெருக்களில் ஒன்றைப் பிடித்து ஏறினால் பூ ஜலூத் வாசல். "அந்த வழி மூடிவிட்டார்கள், நான் காட்டுகிறேன்" என்று பையன்கள் வந்து சொல்வார்கள். வழி மூடியிருக்காது. "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று சிரித்தபடி சொல்லிவிட்டு நடந்தால் விட்டுவிடுகிறார்கள். பின்னாலிருந்து "பலாக்! பலாக்!" என்று குரல் கேட்டால் மட்டும் யோசிக்காமல் சுவரோடு ஒட்டி நின்றுவிடுங்கள், சரக்கேற்றிய கோவேறு கழுதை வருகிறது.

சாப்பாடு பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது. காலையில் பிஸாரா. காய்ந்த மொச்சை வகையை, சில கடைகளில் பட்டாணியை, பூண்டோடு குழைய வேகவைத்து, கிண்ணத்தில் ஊற்றி, மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகப் பொடியும் தூவி, வட்ட ரொட்டியோடு தருவார்கள். தலா தெருக்களில் ஒரு பெரிய பானை மட்டுமே வைத்திருக்கும் சின்னக் கடைகளைத் தேடிப் போங்கள். மதியத்துக்குள் பல கடைகளில் தீர்ந்துவிடும். மூட்டை தூக்குகிறவரும் கடை முதலாளியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து குடிக்கிற இந்தச் சூப்பை, ஊரில் நான் சாப்பிட்ட எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். இறைச்சி கிடையாது, பால் கிடையாது.

சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது: மாலையில் கிடைக்கும் ஹரீரா சூப் தக்காளி, கொண்டைக்கடலை, பயறு என்று சைவமாகத் தெரிந்தாலும் பல இடங்களில் ஆட்டிறைச்சி சேர்த்துத்தான் காய்ச்சுகிறார்கள். காய்கறி கூஸ்கூஸும் அப்படித்தான், மேலே ஏழு காய் இருந்தாலும் அடியில் இறைச்சிச் சாறு இருக்கலாம். "பிலா ல்ஹம்" என்று சொன்னால் இறைச்சி இல்லாமல் என்று புரிந்துகொள்வார்கள், சாறும் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். கத்தரிக்காயும் தக்காளியும் மசித்த ஸாலூக், சுட்ட குடைமிளகாயில் செய்யும் தக்தூகா, வெள்ளை பீன்ஸ் குழம்பான லூபியா, இவற்றோடு சூடான ரொட்டி இருந்தால் வயிறு நிறைந்துவிடும்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் பஸ்தீலாவை விடக் கூடாது. காகிதம் போன்ற மெல்லிய மாவுத் தாள்களுக்கு நடுவே புறாக்கறி, முட்டை, வறுத்த பாதாம் வைத்துச் சுட்டு, மேலே சர்க்கரையும் பட்டைப்பொடியும் தூவுவார்கள். இப்போது பல இடங்களில் புறாவுக்குப் பதில் கோழி. கறியோடு சர்க்கரையா என்று முதல் வாய் யோசிக்க வைக்கும், மூன்றாம் வாயில் தட்டைப் பங்கு போட மனம் வராது. நல்ல பஸ்தீலாவுக்கு நேரம் பிடிக்கும், அதனால் தங்கும் வீட்டிலேயே காலையில் சொல்லிவைத்து இரவில் சாப்பிடுவதுதான் சரி. வீட்டுச் சமையல்காரப் பெண்களின் கை, உணவகத்தின் கையைவிட ஒரு படி மேல் என்று உறுதியாகச் சொல்வேன். உப்பிட்டுக் காயவைத்துக் கொழுப்பில் பதப்படுத்திய கலீ என்ற இறைச்சியை முட்டையோடு பொரித்துத் தருவதும் ஃபெஸ்ஸின் தனிச் சாப்பாடு. தலா கபீராவிலிருந்து பிரியும் ஒரு சின்னச் சந்தில் உள்ள கஃபே க்ளாக், ஒட்டகக்கறி பர்கருக்குப் பேர்போனது. தெருவண்டியில் நத்தைச் சூப்பும் கிடைக்கும், மூலிகை வாசனையோடு அந்தச் சாறு தொண்டைக்கு இதமாக இருக்கும்.

பார்க்க வேண்டியவற்றில் மதரசாக்களை முதலில் வையுங்கள். மொராக்கோவில் முஸ்லிம் அல்லாதவர்கள் பெரும்பாலான பள்ளிவாசல்களுக்குள் போக முடியாது, ஆனால் பழைய மதரசாக்கள் சில எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. மரீனிய வம்சத்துச் சுல்தான் அபூ இனான் 1350களில் கட்டிய பூ இனானியா பெரியது, மினாரும் உண்டு. அதற்கு எதிர்ச்சுவரில் பழைய நீர்க்கடிகாரத்தின் ஜன்னல் வரிசை தெரியும், அது எப்படி ஓடியது என்பது மறைந்துபோன வித்தை. எனக்கு இதைவிட 1325இல் முடிந்த அத்தாரீன் மதரசாதான் மனதில் நிற்கிறது. சின்ன முற்றம், ஆனால் ஓடு, சாந்து, மரம் மூன்றிலும் உளி படாத ஒரு விரற்கடை இடம்கூட இல்லை. மாடியில் மாணவர்கள் தங்கிய அறைகளைப் பார்த்தால், ஒரு பாயும் ஒரு புத்தகமும் வைத்தால் நிறைந்துவிடும் அளவு.

அத்தாரீனை ஒட்டியே கரவிய்யீன் பள்ளிவாசல். 859இல் கைரவானிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி என்ற பெண் தன் சொத்தைக் கொடுத்து நிறுவியது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. தொடர்ந்து இயங்கிவரும் உலகின் மிகப் பழைய உயர்கல்விக் கூடமாக இதைச் சொல்கிறார்கள். உள்ளே போக முடியாவிட்டாலும் வாசல் கதவுகள் திறந்திருக்கும்போது முற்றத்தையும் நீரூற்றையும் பார்க்கலாம். இதன் நூலகத்தை அஸீஸா ஷாவுனி என்ற பெண் கட்டடக் கலைஞர் தலைமையில் புதுப்பித்து 2016இல் முடித்தார்கள். நிறுவியதும் ஒரு பெண், நூலகத்தை மீட்டதும் ஒரு பெண் என்பதில் எனக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி.

நூலகத்துக்கு வெளியே இருப்பது ஸஃபாரீன் சதுக்கம், செம்பு வேலைக்காரர்களின் இடம். கல்யாணத்துக்குச் சமைக்கும் அண்டாக்களைத் தட்டி வளைக்கும் ஓசை நாள் முழுக்கக் கேட்கும். ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தாலே மணிக்கணக்கில் பொழுது போகும். ஏதாவது வாங்குவதென்றால் இப்படிச் செய்கிறவரிடமே வாங்குங்கள், பணம் அந்தக் கைக்கே போகட்டும். கீழே இறங்கினால் நூலுக்குச் சாயம் ஏற்றும் தெரு.

ஷவாரா தோல் தொட்டிகளைச் சுற்றியுள்ள தோல்கடைகளின் மாடியிலிருந்துதான் பார்க்க முடியும். மூக்குக்குப் புதினா கொடுப்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளைத் தொட்டிகளில் சுண்ணாம்பும் மாட்டு மூத்திரமும் புறாவின் எச்சமும் கலந்த நீர். சுண்ணாம்பு மயிரையும் கொழுப்பையும் கழற்றும், எச்சத்தில் உள்ள அமோனியா தோலை மென்மையாக்கும். அதன் பிறகுதான் சாயத்தொட்டி. அந்தத் தண்ணீருக்குள் தொடை வரை இறங்கி நாள் முழுக்க மிதிக்கிறார்கள், கோடை வெயிலிலும். மேலே நின்று படம் எடுக்கும்போது கீழே உழைப்பவர்களின் முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. கடையில் எதுவும் வாங்காவிட்டால் பத்து இருபது திர்ஹாம் கொடுத்துவிட்டு இறங்கலாம்.

நஜ்ஜாரீன் சதுக்கத்தில் வணிகர் சத்திரம் ஒன்று மரவேலை அருங்காட்சியகமாகியிருக்கிறது, கூரையில் தேநீர்க்கடை உண்டு. பக்கத்தில் மருதாணிச் சந்தை. அதை ஒட்டித்தான் மரீனியர் காலத்து ஸீதி ஃப்ரஜ் மனநல மருத்துவமனை இருந்தது. பின்னாளில் ரோமில் லியோ ஆஃப்ரிக்கானுஸ் என்று அறியப்பட்ட பயண எழுத்தாளர் அல் ஹசன் அல் வஸ்ஸான் இளமையில் அங்கே எழுத்தராக இருந்தவர். பழைய நகரத்தை ஒட்டிய ஃபெஸ் அல் ஜதீத் பகுதியில் அரண்மனையின் பித்தளைக் கதவுகளும், யூதர்கள் வாழ்ந்த மெல்லாவும், இப்னு தனான் ஜெபாலயமும் ஒரு அரை நாளுக்குப் போதும். சூரியன் சாயும் நேரத்தில் மரீனியர் கல்லறை மேட்டுக்கு ஏறுங்கள், முழு ஊரும் காலடியில் கிடக்கும், இருட்டுமுன் இறங்கிவிடுவது நல்லது.

வெள்ளிக்கிழமை சந்தை பெரும்பாலும் அடைத்திருக்கும். அன்றைக்கு இரண்டு வழி. ஒன்று, மதியம் தங்கும் வீட்டில் கூஸ்கூஸ் கேட்பது, ஏனென்றால் ஊர் முழுக்க வீடுகளில் அன்று அதுதான் சமையல். இன்னொன்று, காலையிலேயே ரயிலேறி மெக்னெஸ் போவது, ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கிருந்து டாக்ஸி பேசிக்கொண்டால் ரோமானியர் விட்டுப்போன வொலுபிலிஸ் இடிபாடுகளும், முதலாம் இத்ரீஸ் அடக்கமான மூலாய் இத்ரீஸ் ஊரும் ஒரே சுற்றில் முடியும். வொலுபிலிஸில் நிழலே கிடையாது, தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்ஸிக்காரரிடம் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து விலை பேசிவிட்டு ஏறுங்கள், ஃபெஸ் திரும்பும் ரயில் நேரத்தை நிலையத்திலேயே பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.